இரண்டு பூட்டு

நல்லபெருமாளும் சடையப்பனும் நகமும் சதையும் மாதிரி என்று கடைத்தெருவே சொல்லும். எதிர்க்கடைக்காரனான எனக்கு மட்டும் அதில் ஏதோ உறுத்தும். இருவரும் கூட்டாக நடத்தும் பாத்திரக் கடையின் ஷட்டரில் இடது பக்கம் ஒரு பூட்டு, வலது பக்கம் ஒரு பூட்டு. ஆளுக்கொரு சாவி. ஒருவர் டீ குடிக்க எழுந்தால் மற்றவரும் எழுந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. முடிவெட்டும் கடையில் அடுத்தடுத்த நாற்காலி, கண்ணாடியில் ஒருவர் மேல் ஒருவர் கண். நல்லபெருமாள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோது சடையப்பன் கட்டிலை விட்டு நகரவே இல்லை. நான் பார்க்கப் போன மத்தியானம், “நீ வீட்டுக்குப் போடே” என்றார் படுத்திருந்தவர். “நீ எந்திரி, சேந்தே போவோம்” என்றார் இவர். நல்லபெருமாள் கண்ணயர்ந்ததும் சடையப்பனின் கை மெல்லத் தலையணைக்கு அடியில் நுழைந்து, சட்டென்று நின்றது. சாவி அங்கேதான் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தபடி நல்லபெருமாளின் கையும் இருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. இவர் கையை எடுக்கவில்லை. தலையணையைச் சரிசெய்ய வந்த நர்ஸ், பின்னிக்கிடந்த கைகளைப் பார்த்து, “இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கெடைக்கும்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் டாக்டர் நாடி பார்த்து, உயிர் போய்விட்டது என்றார். அதற்குப் பிறகும் பிடி தளரவில்லை. விடாமல் பிடித்திருந்தது எந்தக் கை என்று, பிரித்துவிடப் போன எனக்குத் தெரியவில்லை.