நிமிர்ந்த மாப்பிள்ளை

மனிதகுலத்தின் வரலாறு, அது நிமிர்ந்து நின்ற நாளில் தொடங்கியது. சிற்றரசுவின் வரலாறு, பெண் பார்க்கப் போன அன்று சட்டைக்குள் கம்பி வைத்த முதுகு பெல்ட்டை இறுக்கியபோது தொடங்கியது. "பையன் பட்டாளத்தான் மாதிரி நிக்கிறானே!" என்று மயங்கிய பெண்வீட்டாருக்குக் கூன் தெரிந்துவிடக் கூடாதே என்று, பிறகு தினமும் சுவரோடு ஒட்டி நிற்கும் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. தாலி கட்டும்வரை சிக்கலில்லை. மெட்டி போடத்தான் பெல்ட் குனிய விடவில்லை. மணப்பெண் ஆதிரை அம்மியில் கால் வைத்துக் காத்திருந்தாள்.

"குனிடா! இப்பவே என்ன வீறாப்பு?" என்றாள் அவன் அத்தை. மண்டபம் சிரித்தது.

ஆதிரை அவன் காதருகே சாய்ந்தாள். "ஏங்க, அதைக் கழட்டிடுங்க. பொண்ணு பார்க்க வந்தப்பவே சட்டைக்குள்ள பெல்ட் தெரிஞ்சுது. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். முதல்ல மூச்சு விடுங்க."

சட்டைக்குள் கைவிட்டு ஒரே இழுப்பில் பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று உரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. சுகமாகக் குனிந்தான், மெட்டி வழுக்கிக்கொண்டு விரலில் ஏறியது.

பட்டை உரிந்த சத்தத்தை ஐயரின் மைக் பிடித்துவிட்டது. பந்தியில் இருந்தவர்கள்கூட மாப்பிள்ளையின் வேட்டி கிழிந்ததாகவே நினைத்தார்கள்.