சுடுகாட்டையும் சேர்த்து

சுடுகாட்டு வாசலில் மாசானம் அவளை மறித்தான்.

கையில் பஞ்சாயத்து கொடுத்த தடி. கழுத்தில் பஞ்சாயத்து கொடுத்த விசில்.

"பெட்டியில என்ன மைனி?"

"ஒங்க அண்ணனுக்குப் படையல்."

ஓலைப்பெட்டியில் வாழையிலை இருந்தது. பொரித்த சாளைமீன் இருந்தது. ஒரு கட்டு பீடி இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, அது இருந்தது.

மாசானம் குனியவில்லை. தொடவில்லை. மூக்கைக் கொஞ்சம் தூக்கினான், அவ்வளவுதான்.

காற்று வாட்டமாக அடித்தால், ஆற்றுக்கு அக்கரையில் எவன் மூடியைத் திருகினாலும் இக்கரையில் இவனுக்குத் தும்மல் வரும். அவள் புருஷனோடு சேர்ந்து இதே சுடுகாட்டில் குடித்து வளர்ந்த மூக்கு. காவலுக்கு ஆள் தேடியபோது பஞ்சாயத்து வேறு யாரையும் யோசிக்கவே இல்லை.

"குவார்ட்டர்," என்றான். துக்கம் விசாரிக்கிற குரலில்.

அவர் போய் இன்றோடு ஒரு வருஷம். செத்தவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட வேண்டும். வைக்காவிட்டால் ஆவி நாக்கு வறண்டு அலையும்.

தயிர்சாதம் பிடித்தவர்களின் பெண்டாட்டிகளுக்கு ஒரு சிக்கலும் இல்லை.

இதை வாங்கத்தான் அவள் முதல் தடவையாக அந்தக் கடைக்குப் போனாள். வரிசையில் நின்ற ஆம்பளைகள் அவளைக் கண்டதும் கலைந்து போனார்கள். ஒரு பெரியவர், வாங்கிய பாட்டிலைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

அவளைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது.

அவர் உயிரோடிருந்தபோது ஒரு நாள் கிராமசபையில் தீர்மானம் வாசித்தார்கள். படித்துறை, பள்ளிக்கூட மைதானம், பஸ் நிறுத்தம், குளத்தங்கரை. இங்கெல்லாம் இனிக் குடிக்கக் கூடாது. பாட்டிலைத் திறக்கவே கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் எழுந்தாள்.

"சுடுகாட்ட விட்டுட்டியளே."

சேர்த்தார்கள். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து அவள் புருஷனும் தட்டினார். எதற்கு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சட்டம் என்றால் சட்டம். அந்த வருஷக் கோயில் கொடையில், சுடுகாட்டுச் சாமியான சுடலைமாடனுக்கே சாராயத்துக்குப் பதில் பன்னீர் சோடாதான். சாமியாடி வாங்கிக் குடித்தார். ஓர் ஏப்பம் விட்டார். குறி கேட்க வந்தவர்களை அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அதற்கும் முந்திய தடை. அது அவள் போட்டது. குடித்த வாயோடு அவர் ஒரு நாளும் நிலைப்படியைத் தாண்டியதில்லை.

இடம் தேடி அலைந்தார் மனுஷன். பனை உச்சியில் உட்கார்ந்து குடித்துப் பார்த்தார். பனை நிற்பது பள்ளிக்கூட மைதானத்தில் என்று இறக்கிவிட்டார்கள். ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று குடித்துப் பார்த்தார். தண்ணீரும் படித்துறையில் சேர்த்தி என்று மாசானம் விசில் ஊதினான்.

பிறகு ஒரு நாள், சிரித்த முகமாக வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

"ஏளா, தண்டவாளம் ஒன் பஞ்சாயத்துல வராது. அது டெல்லிக்காரன் இடம்."

ரயிலும் டெல்லிக்காரனுடையதுதான்.

அன்று சாயங்காலமே வந்தது. மிஞ்சியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து இங்கேதான் புதைத்தார்கள்.

மாசானம் தடியைக் கை மாற்றினான்.

"கண்ண மூடிக்கிடலாம் மைனி. ஆனா இன்னைக்கு ஒங்கள விட்டா, நாளைக்கு ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் தாத்தா திதி வந்துரும்."

 உள்ளே, வேலிக்கு அந்தப் பக்கம், அவர் மேட்டில் புல் முளைத்திருந்தது. பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல வச்சுக் குடுங்களேன். வீடு பொது இடம் இல்லல்லா."

சொன்ன பிறகு மாசானம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

நடுவீட்டில் இலை விரித்தாள். மீனை வைத்தாள். பீடிக்கட்டைப் பிரித்து வைத்தாள். மூடியைத் திருகத் தெரியவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். எலும்பு முறிகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம்.

டம்ளரில் ஊற்றினாள்.

தண்ணீர் எவ்வளவு விடுவார்?

அத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாள். அவரே பார்த்து விட்டுக்கொள்ளட்டும்.

படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் சாப்பிடுவதை உயிரோடிருப்பவர் பார்க்கலாகாது. கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சாத்தினாள். படியில் உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டு ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உச்சி வெயில்ல வெளிய இருக்கிய?"

"அவிய உள்ள இருக்காவ."

ஆவுடையம்மாள் சாத்திய கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெயில் சரிந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது.

"போதும்க்கா. தட்டிட்டு உள்ள போங்க. நனையப் போறிய."

எழுந்தாள். கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

உள்ளே டம்ளர் நகர்ந்த மாதிரி இருந்தது.

கையை இறக்கினாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி படியில் உட்கார்ந்தாள்.

மழை வலுத்தது.