வெள்ளத்துக்குப் பின் உரம்

தாய்லாந்தின் சியாங்ராய் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தாவொர்ன் மனைவிக்கு ஃபோன் செய்தான்.

“சாய்ஃபோன், நம்ம கஞ்சாச் செடியெல்லாம் பூ வைக்குதா?”

“வைக்குதுங்க.”

“இனிமே தழைச்சத்து கொடுக்காதே, வெறும் இலைதான் மண்டும். இப்ப மணிச்சத்துதான் முக்கியம். வௌவால் எச்சம் போட்டியா?”

“போட்டுட்டேன்.”

“மண்ணு இறுகியிருந்தா தேங்காய் நார்த்தூள் கலந்து விடு. வேர்ல தண்ணி நிக்கக் கூடாது.”

“நிக்கலைங்க.”

“கெட்டிக்காரிடி நீ. என்னைவிட நல்லாப் பாத்துக்கறே.” இருமல் வந்து பேச்சு அறுந்தது.

ஃபோனை வைத்ததும் சாய்ஃபோன் உடைந்து அழுதாள். பள்ளிக்கூட முகாமில் அடுத்த பாயில் இருந்த பக்கத்து வீட்டு லம்யாய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

“அந்தச் செடிங்க நெனப்புலதான் அவருக்கு மூச்சே ஓடுதுக்கா. வெள்ளத்துல ஒண்ணுகூட மிஞ்சலேன்னு எந்த வாயால சொல்றது?”

லம்யாய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அவருக்குத் தெரியும்டி. முந்தாநாள் எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டார், சொல்லிட்டேன். ‘எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. என்னை ஏமாத்தறதுக்காகவாவது அவ தெம்பா இருக்கட்டும்’னார்.”