கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தல்

"பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு நாளைக்கு மூணு ஊசி, என்ட மனிசனுக்கு மட்டும் ஒண்டா மிஸ்ஸி?"

ஜுனைதா கேட்டே விட்டாள். ஆறு நாளாக வார்டில் கண்மூடாத களைப்பு. பொறுமை எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

மாவடிப்பள்ளி வயலில் மண்வெட்டி காலில் பட்டு, புண் சீழ் பிடித்து, அவள் கணவன் காலிதீனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பக்கத்துக் கட்டில் கனகசபாபதிக்கும் அதே ஊசிதான். அவர் காரைதீவு. தாதி தங்கேஸ்வரியும் காரைதீவு. இதற்கு மேல் என்ன விளங்க வேண்டும்?

"டொக்டர் எழுதினதைத்தான் குத்துறன், ராத்தா." தங்கேஸ்வரிக்கும் நின்று நின்று இடுப்பு விட்டுப் போயிருந்தது.

"ஒங்கட ஊராக்களுக்கெண்டா கைநிறைய எழுதுவாரோ?"

தங்கேஸ்வரி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

டொக்டர் வந்ததும் ஜுனைதா வார்டுக்கே கேட்கும்படி சத்தமாய்ச் சொன்னாள். "மிஸ்ஸி ஆள் பாத்துத்தான் ஊசி போடுறா."

"அவவை ஏசாதீங்க. குறைச்சது நான். கிருமி கக்கின நஞ்சு ரெத்தத்தில கலந்தா குண்டிக்காய், அதான் கிட்னி, சோர்ந்து போகும். குத்தின மருந்து மூத்திரத்தோட வெளியேறாம உள்ளுக்கே தேங்கும். அதுக்கு மேல குத்தினா காது செவிடாகும், குண்டிக்காயும் போயிரும். பாருங்க, ஒரு நாளைக்கே மூத்திரம் இவ்வளவுதான்."

கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தலைத் தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம் கிடந்தது.

ஜுனைதா அவசரமாய் எழும்பினாள்.

"டொக்டர், அது ஒரு நாளையது இல்ல. விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போனது மட்டும்தான்."

"மிச்சம்?"

"படுத்த படுக்கையிலயும் இவர் ஒரு வக்து தொழுகை விடமாட்டார். நஜீஸ், அசுத்தம், இதைப் பக்கத்தில வெச்சித் தொழலாமா? அஞ்சு வக்துக்கும் முன்னால நான்தான் ஊத்திக் கழுவி வெச்சன்."

டொக்டரின் முகம் சிவந்தது. "அப்ப இத்தனை நாளும் இவருக்கு மருந்து போதாமப் போயிருக்கு. உடனே ஒண்டு குத்துங்க." தங்கேஸ்வரி பக்கம் திரும்பினார். "ஒரு சொட்டும் ஊத்தப்படாதெண்டு இவவுக்குச் சொல்லேல்லையா நீர்?"

தங்கேஸ்வரி முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், மூன்று தரம். ஜுனைதா அதை மறக்கவில்லை. தொழுகைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு கதையா என்று விட்டுவிட்டாள். இப்போது முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தங்கேஸ்வரி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்ல மறந்து போனன், டொக்டர். பிழை என்னில."