எழுநூற்று முப்பது

"உங்க கிரெடிட் ஸ்கோர் ஐநூத்து நாற்பத்தியொண்ணு."

"பரவாயில்லையா மேடம்?"

"இந்த ஸ்கோருக்கு யாரும் ஒரு குடையைக்கூட கடனாத் தர மாட்டாங்க" என்றாள் லோன் ஆபீசர்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் கறை. கடைக்கு வாங்கிய லோன், பைக் லோன், டிவி தவணை, கிரெடிட் கார்டு என்று ஒன்றையும் ஒழுங்காகக் கட்டியதில்லை. இதில் போன மாதம் மட்டும் ஒன்பது இடத்தில் லோன் கேட்டிருக்கிறார்.

"ஒவ்வொருத்தரும் உங்க கணக்கை எட்டிப் பார்க்கப் பார்க்க ஸ்கோர் குறையும்."

"கண்ணு பட்ட மாதிரியா மேடம்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எழுநூத்து முப்பது வரணும்னா என்ன பண்ணணும்?"

"எங்க பேங்க்ல எந்த லோனுக்கும் கேக்குற ஸ்கோர்தான் அது. உங்களுக்கு எதுக்கு?"

"வந்ததும் சொல்றேன்."

பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும், தவணை ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது, கார்டைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொள்ள வேண்டும், புதிதாக யாரிடமும் லோன் கேட்கக் கூடாது. அவள் சொல்லச் சொல்ல, மோட்டார் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.

இப்படி எழுதிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இவர் வந்தார், மாதம் தவறாமல்.

பைக்கை விற்றுக் கடனை அடைத்தார். சைக்கிளில் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். ஐநூற்று எண்பது ஆனது. அறுநூற்று இருபது ஆனது. பேங்கில் அவருக்கு 'ஸ்கோர்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"இவ்ளோ பாடு எதுக்கு மேடம்? மறுபடி கடன் வாங்கத்தானே?" என்றார் அட்டெண்டர். "குடிகாரன் ஆஸ்பத்திரியில உடம்பைத் தேத்திக்கிட்டு நேரா பாருக்குப் போற மாதிரி."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் என்ன வாங்கப் போகிறார் என்று தெரியாமல் மண்டை குடைந்தது.

"வீடு வாங்கப் போறீங்களா?"

"வாடகை வீடே வசதியா இருக்கு மேடம்."

"கடையைப் பெருசாக்கவா?"

"இருக்கிற கடைக்கே வாரத்துல மூணு மோட்டார்தான் வருது."

கார் என்றார் அட்டெண்டர். இரண்டாவது கடை என்றாள் அவள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

பதின்மூன்றாவது மாதம், எழுநூற்று இருபத்துநாலு.

"இன்னும் ஆறுதான். அடுத்த மாசம் தாண்டிடும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ரெண்டு வாரத்துக்குள்ள முடியாதா மேடம்? அதுக்குள்ள வேணும்."

அவளுக்குச் சுர்ரென்றது. "கடன் வாங்க இவ்ளோ அவசரப்படாதீங்க. கஷ்டப்பட்டு மேல ஏறி வந்திருக்கீங்க. திரும்ப அதே குழியில விழணுமா?"

அவர் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்றார்.

பார்க்கப் பாவமாக இருந்தது. "கார்டுல இருக்கிற பாக்கியை மொத்தமாக் கட்டிப் பாருங்க. ஏறலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

அன்றைக்கே கடையிலிருந்த டிரில்லிங் மெஷினை விற்றுக் கட்டிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், பேங்க் திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவள் பட்டனைத் தட்டினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

எழுநூற்று முப்பத்துமூன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அட்டெண்டர் தண்ணீர் வைக்கிற சாக்கில் வந்து நின்றுகொண்டார்.

அவள் விண்ணப்பத்தை எடுத்தாள். "இப்பவாவது சொல்லுங்க. என்ன லோன் வேணும்?"

"எனக்கு லோன் வேணாம் மேடம்."

"பின்னே?"

"ஜாமீன் கையெழுத்து போடணும்."

வாசல் பக்கம் திரும்பிக் கையசைத்தார். மார்போடு ஃபைலை அணைத்தபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். எங்கேயோ பார்த்த முகம்.

"முன்னாடி என் கடை லோனுக்கு இந்தப் பொண்ணோட அப்பாதான் ஜாமீன் போட்டார். என்னால கட்ட முடியல. அவர்கிட்ட வசூல் பண்ணிட்டாங்க. பொண்ணு படிப்புக்குன்னு சேர்த்து வச்சிருந்த பணம். என்னை ஒரு வார்த்தை சொல்லல, மேடம். அந்த மொத்தத்தையும் ஒரேயடியாத் திருப்பிக் கொடுக்க எனக்கு வக்கு இல்ல."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் இந்தப் பொண்ணுக்குக் காலேஜ்ல சீட் கிடைச்சுது. படிப்பு லோன் கேட்டு இங்கதான் வந்திருக்கு. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், அவர் கையெழுத்து செல்லாது, எழுநூத்து முப்பதாவது ஸ்கோர் இருக்கிற ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டு வான்னு நீங்கதான் திருப்பி அனுப்பியிருக்கீங்க. ஒரு வருஷமா ஜவுளிக்கடையில வேலை பார்க்குது. மறுபடி சீட் வந்திருக்கு. நாளைக்குள்ள பணம் கட்டணும்."

லோன் ஆபீசர் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வார்னிஷ் விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு அவர் பேனாவை எடுத்தார்.

"சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு எல்லாரையும் கேட்டுப் பார்த்தாங்க மேடம். நீங்க சொன்ன மாதிரி ஒரு ஆள் கிடைக்கல. அதான், நானே அந்த ஆளா ஆயிட்டு வந்துட்டேன்."