டிரைவர் பெயருக்கு ஒரு பூட்டு

“தம்பி, இந்த டிரைவர் பேரை இப்பவே எடுக்கணும். உன் கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது.”

டைல்ஸ் கடை முதலாளி போனில் போட்ட கத்தலில், சாஃப்ட்வேர்க்காரர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடி வந்தார்.

லாரி டிரைவர் பாதி லோடை உடைத்துவிட்டாராம். வேலையை விட்டுத் தூக்கலாம் என்று அவர் பெயரைத் திறந்தால், திரையில் ஒரே பதில்: ‘இந்தப் பதிவை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.’

அந்த வேறொருவர், எதிர் மேஜையில் கணக்குப் பார்க்கும் அம்மா.

“மூடித் தொலைங்கம்மா.”

“போன் நம்பர் மாத்திட்டிருக்கேன் சார்.”

“காலையிலேர்ந்தா?”

“ஒவ்வொரு எண்ணா சரிபார்க்கிறேன் சார்.”

சாஃப்ட்வேர்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இது பழைய முறை சார். ஒருத்தர் திறந்தா மத்தவங்களுக்குப் பூட்டு. புது முறையில யார் வேணா திறக்கலாம். முதல்ல சேமிச்சவர் மாத்தினது நிக்கும். அடுத்தவர்கிட்ட, ‘நடுவுல மாறிடுச்சு, மறுபடி பாருங்க’ன்னு சொல்லும்.”

“அப்ப நான் அழுத்தின நிமிஷமே இவன் காலி?”

“காலி சார்.”

“போடு.”

கணக்கம்மாவின் முகம் சுண்டிப்போனது. “அவருக்கு வேற வேலை தெரியாது சார்.”

“இந்த வேலை மட்டும் தெரியுதா?” என்று உறுமிவிட்டு, உடைந்ததைப் பார்க்க முதலாளி குடோனுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் தூசி. குரல் இறங்கியிருந்தது.

“நாய் குறுக்க வந்துச்சாம். நாய்க்கு ஒண்ணும் இல்லையாம்.”

“புது முறைக்கு மாத்திட்டேன் சார். அழுத்துங்க.”

முதலாளி மவுஸைத் தொடவில்லை. “இதுக்கு எவ்வளவு?”

சொன்னார்.

“பாதி தர்றேன்.”

“சரி சார்.”

“வாங்கிக்கிட்டு, பழையபடி பூட்டைப் போட்டுட்டுப் போ.”

“சார், உலகமே புது முறைக்குப் போயிட்டிருக்கு...”

“உலகம் டைல்ஸ் விக்குதா? பூட்டைப் போடு.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனவர், அங்கே தலைகுனிந்து நின்ற டிரைவரிடம் லாரிச் சாவியை வீசினார். “மிச்ச லோடையாவது முழுசாக் கொண்டுபோய்ச் சேத்துடு.”

சாஃப்ட்வேர்க்காரர் பையை மூடிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “வேணும்னுதானே திறந்து வெச்சிருந்தீங்க? முதலாளிக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும்மா.”

கணக்கம்மா அப்போதுதான் டிரைவரின் பக்கத்தை மூடினார்.

“நான் சேர்ந்த அன்னிக்கு அவர் சொன்ன முதல் வேலையே இதுதான் சார். ‘கோபத்துல நான் யார் பேரைச் சொல்லிக் கத்துறேனோ, நான் திறக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேரை நீ திறந்து வெச்சுக்கணும். நானே திட்டினாலும் மூடக்கூடாது.’”