வலி போதவில்லை

"இருபத்தாறு வருஷம் இருந்த இடம். கிளம்புன்னு சொன்னா நான் எங்கே போவேன்?"

பேராசிரியர் வசந்தகுமாரி சுவரைத் தடவியபடியே அழுதார். பிரெஞ்சு இலக்கியத்தில் புலம்பெயர்வு பற்றி நான்கு புத்தகங்கள் எழுதியவர். சுற்றிலும் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

அவருடைய ஆய்வு மாணவி கவிப்ரியா டேப்லெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஐந்து மணிக்குள் பேராசிரியர் சைன் பண்ணாவிட்டால் புலம்பெயர்ந்தவர்கள் பற்றிய அவளுடைய ஆய்வேட்டை அடுத்த வருடம்தான் சமர்ப்பிக்க முடியும். மணி நாலரை.

"ப்ரொஃப், ஒரே ஒரு சைன்..."

"எப்படிம்மா? உங்கப்பா ஊரை விட்டு சிங்கப்பூருக்கு, செம்பவாங் ஷிப்யார்டு வேலைக்கு வந்த சாப்டர் சரியில்லையே. வலி போதலை."

"அவரு அழவே இல்ல லா ப்ரொஃப். வந்தாரு, மறுநாளே வேலைக்குப் போயிட்டாரு."

"அதான் நம்ப முடியலை. ஊரைப் பிரிஞ்சவன் பாதி செத்தவன். என் மூணாவது புத்தகத்துல இருக்கு, படிக்கலையா?"

படித்திருந்தாள். அப்பாவிடமும் சொல்லியிருந்தாள். "அப்ப ஓவர்டைம் பாத்தது மிச்சப் பாதியா?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார்.

தள்ளுவண்டியோடு சின்னராசு வந்தான். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பெட்டிகளை லிஃப்டில் ஏற்று என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். பேராசிரியர் அழுவதைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"என்னாச்சு மேடம்? விசா முடிஞ்சிருச்சா?"

"என்னை இங்கேருந்து அனுப்புறாங்க தம்பி. போற இடத்துல யாரையும் தெரியாது. அவங்க பேசறது ஒரு வார்த்தைகூடப் புரியாது."

சின்னராசுவுக்கும் கண் கலங்கியது. "மொத மாசம் அப்படித்தான் மேடம் இருக்கும். தூக்கமே வராது. அங்கயும் நம்ம தேக்கா மார்க்கெட் மாதிரி ஒரு இடம் இருக்கும். ஞாயித்துக்கிழமை போய் நில்லுங்க, நம்மாளுங்க வருவாங்க."

"பாத்தியா கவி? இதான் வலி! இதை எழுது."

"சைன், ப்ரொஃப்."

"போய்ச் சேர்ந்தப்புறம் பாக்கலாம். நடுவழியில நிக்கிறவளுக்கு நாடும் இல்ல, கையெழுத்தும் இல்ல."

கவிப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு, கனமான பெட்டியாகப் பார்த்துத் தானே தூக்கினாள். பேராசிரியர் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். சின்னராசு தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினான்.

"வச்சுக்கங்க மேடம். ஏர்போர்ட்ல தண்ணி ரொம்ப விலை."

கதவு மூடியது. உடனே திறந்தது.

"நாலாவது மாடி, எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட். போய்ச் சேர்ந்தாச்சு ப்ரொஃப்" என்று டேப்லெட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள் கவிப்ரியா. "கீழே மூணாவது மாடில உங்க ரூம் பெயின்ட் காய்ஞ்சதும், வெள்ளிக்கிழமை நாடு திரும்பிடலாம். இப்ப சைன் பண்ணுங்க."